சிவப்பு மையில் அடித்த இரண்டு வரிகள்

1. இதை எழுதுகிற நான் உன் தகப்பன். வயது அறுபத்தொன்பது. முப்பத்தொரு வருடம் வழக்கறிஞராக இருந்து ஓய்வு பெற்றவன். தெளிந்த புத்தியோடும், யாருடைய வற்புறுத்தலும் இல்லாமலும், பகல் வெளிச்சத்தில் என் மேசையில் உட்கார்ந்து இதை என் கைப்பட எழுதுகிறேன்.

2. நேரில் கண்டதைக் கண்டேன் என்றும், பிறர் சொல்லக் கேட்டதைக் கேட்டேன் என்றும், எனக்குத் தோன்றுவதைத் தோன்றுகிறது என்றும் பிரித்தே எழுதுகிறேன். மூன்றையும் நீ கலக்கக் கூடாது. படிக்கிற வேறு எவரும் கலக்கக் கூடாது.

3. இக்கடிதத்தின் பொருள், ஒன்பது மாடிக் கட்டடத்தின் மூன்றாம் எண் லிஃப்டைப் பற்றி நீ எழுதிய அறிக்கை, அதை நான் திருத்திய விதம், அதனால் விளைந்தது.

இதுவரை எழுதியபோது உன் அம்மா தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டு, பெத்த பொண்ணுக்குக் கடுதாசி எழுதச் சொன்னா வக்கீல் நோட்டீஸ் அனுப்புறீங்களே, அவ பிரிச்சதும் ஜாமீன் எடுக்க ஓடப் போறா என்றாள். ஆகையால் நான்காம் எண்ணை நிறுத்திக்கொண்டு, ஒரு தகப்பன் எழுதுகிறபடி எழுதுகிறேன்.

அன்புள்ள மகளுக்கு, நானும் உன் அம்மாவும் உடம்பளவில் நலம். உன் நலத்தைக் கேட்டு எழுதுவது என் வழக்கம், இந்த முறை கேட்காமலே தெரிகிறது, ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் உன் குரலைக் கேட்ட பிறகு கேட்பதற்கு என்ன இருக்கிறது. உன் அம்மாவின் வலது கண் அறுவை நன்றாக ஆகிவிட்டது, கட்டு அவிழ்த்த மூன்றாம் நாளே ஊசியில் தானே நூல் கோத்துக் காட்டி, இனிமே உங்க தயவு வேண்டாம் என்று என்னை வேலையிலிருந்து நீக்கிவிட்டாள். தையல் மிஷின் மறுபடி ஓடுகிறது. தெருவில் விளக்குக் கம்பம் மாற்றுகிறோம் என்று பள்ளம் தோண்டியவர்கள் தோண்டியதோடு போய்விட்டார்கள், ஒன்பது நாளாகப் பள்ளம் வாய் திறந்து கிடக்கிறது, சுற்றிலும் ஒரு கயிறுகூட இல்லை, நான் இரண்டு மனு எழுதிக் கொடுத்தேன், இரண்டிலும் யாராவது விழக்கூடும் என்றுதான் எழுதியிருந்தேன் என்பதை இப்போது நினைத்தால் எனக்கே என் கையைப் பிடிக்கவில்லை. இன்று காலை மூன்றாவது மனு கொடுத்தேன். அதில் வேறு விதமாக எழுதியிருக்கிறேன். அதற்குக் காரணத்தைத்தான் இனி எழுதப்போகிறேன்.

உனக்குத் தெரிந்ததையே திரும்ப எழுதுவதாக நினைக்காதே, இந்தக் கடிதம் விசாரணை அதிகாரியின் கைக்கும் போக வேண்டியது, அவருக்கு ஒன்றும் தெரியாது என்று வைத்துக்கொண்டு எழுத வேண்டும். நீ லிஃப்ட் பராமரிப்பு நிறுவனம் ஒன்றில் சோதனையாளராக வேலை செய்கிறாய். லிஃப்டைச் சோதித்து அறிக்கை எழுதுவது உன் பொறுப்பு, அதைப் படித்து லிஃப்டை நிறுத்தச் சொல்வதோ ஓட்டச் சொல்வதோ உன் மேலாளர் பொறுப்பு. அறிக்கை இங்கிலீஷில் இருக்க வேண்டும் என்பது அவர்கள் விதி. உன் இங்கிலீஷில் இறந்தகாலமும் நிகழ்காலமும் ஒரே வாக்கியத்தில் தோளோடு தோள் உரசும் என்பது நம் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம், பத்து வயதிலிருந்து உன் ஒவ்வொரு பக்கத்தையும் நான் சிவப்பு மையில் திருத்தியிருக்கிறேன், நீ வேலைக்குப் போன பிறகும் அந்தப் பழக்கம் நிற்கவில்லை. நீ கையால் எழுதுவாய், கம்பெனி கொடுத்த தொலைபேசியில் படம் பிடித்து நம் தெரு ஜெராக்ஸ் கடைக்கு அனுப்புவாய், கடைக்காரர் அதை அச்செடுத்து என்னிடம் கொண்டுவருவார், நான் திருத்திக் கொடுப்பதை அவரே டைப் அடித்து உனக்குத் திருப்பி அனுப்பிவிட்டு, தாளை என்னிடமே கொடுத்துவிடுவார். நான்கு வருடமாக உன் பெயரில் போன அறிக்கைகள் எல்லாம் இந்த மூன்று பேர் கையையும் கடந்துதான் போயின. இது உன் நிறுவனத்துக்குத் தெரியாது. தெரியக் கூடாது என்று நீ நினைத்தாய், என் மானத்தைக் காப்பதாக நினைத்துத்தான் என்பதும் எனக்குத் தெரியும். அப்பா பேரை நான் இழுக்க மாட்டேன் என்று ஞாயிற்றுக்கிழமை சொன்னாய். நானே இழுக்கிறேன், அம்மாடி. என் பெயர், என் பேனா, நான்தான் இழுக்க வேண்டும்.

சென்ற மாதம் நான்காம் தேதி பிற்பகல் அந்த மூன்றாம் எண் லிஃப்டைப் பற்றிய உன் தாள் வந்தது. கடைக்காரர் அதைத் தரும்போது வழக்கம்போல் போகாமல் வாசலிலேயே நின்றார். என்ன என்று கேட்டேன். நான் எதையும் படிக்கிறதில்ல சார், கண்ணுல பட்டுருச்சு, இது கொஞ்சம் பயமா இருக்கு சார் என்றார். அவருக்கு இங்கிலீஷ் அரைகுறை. நான் சிரித்துவிட்டு, பயம் போகிற மாதிரி திருத்தித் தருகிறேன் என்றேன். இதை நான் சொன்னேன், அவர் சாட்சி. தேநீர் ஆறுவதற்குள் திருத்தி முடித்தேன், அன்றைக்கு மனம் மிக உற்சாகமாக இருந்தது, தாள் முழுக்கக் காலக் குழப்பம், திருத்த நிறைய இருந்தது.

நீ எழுதியதைத் தமிழில் அப்படியே தருகிறேன். ஒன்பதாம் மாடியில் லிஃப்டை நிறுத்தினேன். கதவு திறந்தது, பிறகு லிஃப்ட் ஒரு கை அகலம் கீழே இறங்கியது. மூன்று முறை செய்தேன். மூன்று முறையும் இறங்கியது. மேலே மெஷின் அறையில் பிரேக் பட்டை தேய்ந்து மெலிந்திருக்கிறது, இருக்க வேண்டிய கனத்தில் பாதிகூட இல்லை. ஆட்கள் ஏறுகிறார்கள், இது விழும். நான் திரும்ப அதில் ஏறவில்லை. படியில் இறங்கி வந்தேன்.

இங்கிலீஷில் இதில் ஆறு பிழைகள் இருந்தன. ஆறையும் திருத்தினேன். அதோடு நிறுத்தியிருந்தால் இன்று உனக்கு நிம்மதியாக ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருப்பேன். நான் நிறுத்தவில்லை. விழும் என்று நீ எழுதியிருந்ததை அடித்து, உரிய காலத்தில் கவனிக்கப்படாவிட்டால் அதன் இயக்கம் ஓரளவு பாதிக்கப்படக்கூடும் என்று எழுதினேன். இங்கிலீஷில் வில் என்று உறுதியாக ஒரே சொல் இருந்த இடத்தில் இஃப் வந்தது, மே வந்தது, பாஸிப்ளி வந்தது. நடக்காத ஒன்றை நடக்கும் என்று கட்சிக்காரனைச் சொல்லவிடக் கூடாது என்பது முப்பத்தொரு வருடம் என் கைக்கு ஏறிப்போன எச்சரிக்கை, குறுக்கு விசாரணையில் அப்படிச் சொன்ன சாட்சிகள் நொறுங்கியதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன், ஆகவே உன்னைக் காப்பாற்றுவதாகவே நினைத்தேன். பிறகு கடைசி இரண்டு வாக்கியங்களுக்கு வந்தேன். நீ திரும்ப ஏறவில்லை என்பதும் படியில் இறங்கி வந்தாய் என்பதும். இரண்டின் மேலும் ஒரே கோடாகக் கிழித்து, ஓரத்தில் சிவப்பு மையில், சொந்த விஷயம், தேவையில்லை என்று எழுதினேன்.

என் மகள் ஒரு லிஃப்டுக்குப் பயந்து ஒன்பது மாடி நடந்து இறங்கியிருக்கிறாள், அதை எனக்கு எழுதிக்காட்டியிருக்கிறாள், நான் அதைத் தேவையில்லை என்று அடித்திருக்கிறேன். முழங்கால் வலித்ததா என்றுகூடக் கேட்கவில்லை.

மறுநாள் அறிக்கை போனது. உன் மேலாளர் அதைப் படித்துவிட்டு, இப்பத்தான் உங்க இங்கிலீஷ் தேறியிருக்கு, ரொம்ப நிதானமா எழுதியிருக்கீங்க என்று பாராட்டினார் என்றும், அடுத்த சுற்றுப் பராமரிப்பில் பார்த்துக்கொள்ளலாம் என்று குறித்துவிட்டார் என்றும் நீ என்னிடம் சொன்னாய், அதைக் கேட்டு நான் பெருமைப்பட்டேன், உன் அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். இருபத்து மூன்று நாள் லிஃப்ட் ஓடியது. இருபத்தெட்டாம் தேதி காலை ஆறாம் மாடியிலிருந்து விழுந்தது. உள்ளே அந்தக் கட்டடத்தில் தரை துடைக்கிற பெண் இருந்தாள், நீ பக்கெட் அக்கா என்று சொல்வாயே, நீ அங்கே போகும்போதெல்லாம் உன்னிடம், இன்னிக்கு எந்தப் பொட்டியைத் தட்டிப் பாக்கப் போற தாயி என்று கேட்பாளே, அவள்தான். இடுப்பும் இரண்டு கால்களும் உடைந்து, இந்தப் பதினாறு நாளாகக் கண் திறக்கவில்லை என்று அந்த மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிற உன் தோழி சொன்னதாக நீ சொல்லக் கேட்டேன். அன்று மதியமே கம்பெனி உன் தொலைபேசியை வாங்கிக்கொண்டு வேறு ஒன்றைக் கொடுத்தது. உன் கையெழுத்துத் தாளின் படம் அந்தப் பழைய தொலைபேசியில் மட்டும்தான் இருந்தது. கையால் எழுதிய தாளை நீ அனுப்பியதும் கிழித்துவிடுவாய், அந்தப் பழக்கத்தையும் நான்தான் கற்றுக்கொடுத்தேன், நல்ல நகல் தயாரானதும் வரைவைக் கிழித்துவிட வேண்டும், ஒரே விஷயத்துக்கு இரண்டு உருவம் உலகில் இருக்கக் கூடாது என்று. ஜெராக்ஸ் கடைக்காரர் வாராவாரம் எல்லாவற்றையும் அழித்துவிடுகிறவர். ஆக, நீ எச்சரித்தாய் என்பதற்கு உலகில் ஒரு சான்றும் இல்லை என்றும், நீ மென்று விழுங்கி ஒரு அறிக்கை எழுதினாய் என்பதற்கு உன் கையெழுத்தோடு சான்று இருக்கிறது என்றும் ஆயிற்று.

இப்போது நேற்று நடந்ததை எழுதுகிறேன். தேதிகளைக் கவனி. பதினொன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, நீ அந்தப் புதிய தொலைபேசியில் என்னோடு பேசினாய். அப்போது, அந்த முதல் தாள் ஏதாவது இருக்காப்பா என்று கேட்டாய். கிழித்திருப்பேன், எதற்கும் தேடிப் பார்க்கிறேன் என்றேன். பன்னிரண்டாம் தேதி, திங்கட்கிழமை, காலை பதினொரு மணிக்கு கோட்டு அணிந்த ஒருவர் நம் வீட்டுக் கதவைத் தட்டினார். உன் நிறுவனத்தின் சார்பில் வந்திருப்பதாகச் சொன்னார். இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று நான் சொல்லவில்லை, தேதிகளை மட்டும் சொல்கிறேன். ஆனால் உன் ஊரிலிருந்து இங்கே வர எந்த வண்டியில் வந்தாலும் ஒன்றரை நாள் ஆகும். ஆகவே நாம் பேசிக்கொண்டிருந்தபோது அவர் அங்கே இருந்திருக்க முடியாது. இங்கே எங்கேயோதான் இருந்திருக்கிறார்.

மரியாதையான மனிதர். செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் வந்தார். என் நாற்காலியில் உட்கார்ந்தார், தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். என்னோடு இங்கிலீஷில் பேசினார், அவ்வளவு சுத்தமான இங்கிலீஷை நான் நீதிமன்றத்திலும் அதிகம் கேட்டதில்லை. உங்கள் மகள் திறமைசாலி, அவர் ஒத்துழைத்தால் அவருடைய எதிர்காலத்துக்கு ஒரு குறையும் வராது என்றார். அந்த இடத்தில் நிறுத்தினார். ஒத்துழைக்காவிட்டால் என்ன என்பதைச் சொல்லவில்லை. சொல்லாமல் என்னைப் பார்த்துப் புன்னகை செய்துகொண்டே தண்ணீர்த் தம்ளரை மேசையின் நடுவில் வைத்தார். பாதி நிபந்தனையைச் சொல்லி மறுபாதியைக் கேட்கிறவன் வயிற்றில் போட்டுவிட்டுப் போகிற அந்த வித்தை எனக்குத் தெரியும், என் தொழிலில் நானும் செய்திருக்கிறேன். பிறகு உன் அம்மா பக்கம் திரும்பித் தமிழில், அம்மா, பழைய பேப்பர் ஏதாவது இருந்தா வீட்டை அடைச்சுக்கிட்டுத்தானே கிடக்கும், நாங்களே எடுத்துக்கிட்டுப் போயிடுறோம் என்றார். உன் அம்மா மிஷினை நிறுத்தாமலே, பழைய பேப்பர் வாங்குறவரா நீங்க, தராசு எங்கே என்று கேட்டாள். அவர் சிரித்தார். கண் சிரிக்கவில்லை என்று உன் அம்மா சொல்கிறாள், நான் அதைக் கவனிக்கவில்லை, ஆகவே அது அவள் சாட்சியம். போகும்போது, தெருவுல அந்தப் பள்ளத்தைப் பாத்து நடங்க சார், வயசான காலம் என்றார். இதில் தப்பாக எதுவும் இல்லை. இருந்தாலும் அவர் சொன்னதை அப்படியே குறித்து வைத்துக்கொண்டேன்.

அவர் நம் வீட்டுக்கு வருமுன் ஜெராக்ஸ் கடைக்குப் போய் அரைமணி நேரம் இருந்திருக்கிறார் என்று கடைக்காரர் பிற்பகல் வந்து சொன்னார். கம்ப்யூட்டரைத் திறந்து காட்டச் சொன்னாராம். இவரும் காட்டினாராம். ஒண்ணும் இல்ல சார், நான்தான் எல்லாத்தையும் தொடச்சிடுவேனே, தொடச்சது நல்லதா கெட்டதான்னுதான் தெரியல என்றார். அப்போது அவர் இன்னொன்றும் சொன்னார், அதை அவர் வாய்ச்சொல்லாகவே இங்கே பதிகிறேன், இந்தக் கடிதத்தில் நான் எழுதுகிற எதையும்விட அது கனமானது. முதல்ல வந்த தாளைப் படிச்சப்போ எனக்குப் பயமா இருந்துச்சு சார், நீங்க திருத்துனதை டைப் அடிச்சப்போ அந்தப் பயம் போயிடுச்சு, சரி, பெரிய விஷயம் ஒண்ணும் இல்லபோலன்னு நெனச்சேன். இதுதான் அவர் சொன்னது. உன் மேலாளரும் அதையேதான் நினைத்திருப்பார். நினைக்க வசதியாக நான் எழுதிக் கொடுத்திருந்தேன்.

கோட்டுக்காரர் போனதும் உன் அம்மா மிஷினை நிறுத்தினாள். தைக்கிற சட்டைக்கு அளவெடுத்துக் காகிதத்தில் வெட்டி இழுப்பறையில் கட்டி வைப்பாளே, அந்தக் கட்டைத் தொடாமல், மிஷின் பலகையிலேயே துணியோடு குண்டூசி குத்திக் கிடந்த ஒன்றைப் பிடுங்கி என் முன் போட்டாள். சட்டைக் கையின் அளவுக் காகிதம். திருப்பினேன். உன் தாள். நான் அன்று அதைக் கிழிக்கப் போனபோது, ஒரு பக்கம் வெள்ளையா இருக்கே, கிழிக்காதீங்க என்று அவள் வாங்கிக்கொண்டது அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. அந்த ஆள் பேசிக்கொண்டிருந்த நேரம் முழுக்க அது அவர் முழங்கைக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்திருக்கிறது. தெரிந்தேதான் விட்டாயா என்று கேட்டேன். தராசு இல்லாத ஆளுக்கு எதுக்குக் குடுக்கணும் என்றாள். முப்பத்தெட்டு வருடம் இந்தப் பெண்ணோடு வாழ்ந்து, வழக்கறிஞர் நான்தான் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

அந்தக் காகிதத்தின் நிலையைக் குறித்துக்கொள். தோள் வளைவுக்காக வலது மேல் மூலை வெட்டப்பட்டிருக்கிறது, அதில் தலைப்பின் பாதி போய்விட்டது. விளிம்பில் குண்டூசித் துளைகள் பதினொன்று. உன் வாக்கியங்கள் எல்லாம் முழுதாக இருக்கின்றன. என் சிவப்புத் திருத்தங்கள் இருக்கின்றன. அடித்த இரண்டு வரிகளும், சிவப்புக் கோட்டுக்கு அடியில், நன்றாகப் படிக்கும்படி இருக்கின்றன. கீழ் ஓரத்தில் அச்சு எந்திரம் தானாகப் போடுகிற தேதியும் நேரமும் வெட்டுப்படாமல் இருக்கின்றன, நான்காம் தேதி, மூன்று மணி நாற்பது நிமிடம். விபத்துக்கு இருபத்து நான்கு நாள் முன்பு. மூலத் தாள் இப்போது எங்கே இருக்கிறது என்பதை இதில் எழுத மாட்டேன், நீயும் கேட்காதே, அந்தத் தொலைபேசியில் கேட்கவே கேட்காதே. சான்றொப்பம் இட்ட நகல் ஒன்றை இதோடு வைத்திருக்கிறேன். இதை உன் வீட்டு முகவரிக்கு அனுப்பாமல் உன் நர்ஸ் தோழியின் பெயருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன், நீ தினமும் மருத்துவமனைக்குப் போவதால் உன் கைக்கு வந்துவிடும்.

அடுத்தது, கம்பெனி உன்னைக் கையெழுத்துப் போடச் சொல்கிற வாக்குமூலம். நீ தொலைபேசியில் வாசித்ததை நான் எழுதிக்கொண்டேன். மூன்று முறை படித்தேன். இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை. தேய்மானத்தின் அளவை நான் அறிந்திருந்தால் லிஃப்டை உடனே நிறுத்தும்படி பரிந்துரைத்திருப்பேன் என்கிறது இரண்டாம் பத்தி. அபாயத்தை உணர்ந்திருந்தால் தெளிவாக எழுதியிருப்பேன் என்கிறது நான்காம் பத்தி. அவ்வளவு அழகாகக் கட்டிய நிபந்தனை வாக்கியங்களுக்கு உன் பள்ளிக்கூடப் பரீட்சையில் முழு மதிப்பெண் போட்டிருப்பேன். ஆனால் கையெழுத்துப் போட்ட அந்த நிமிடம், உனக்குத் தெரியாது என்றும் நீ உணரவில்லை என்றும் உன் வாயாலேயே ஒத்துக்கொண்டவள் ஆகிறாய். உனக்குத் தெரிந்திருந்தது. அளந்து பார்த்தாய். மூன்று முறை நிறுத்திப் பார்த்தாய். வேலை மட்டும்தான் போகும்னு சொல்றாங்கப்பா, கையெழுத்துப் போட்டுட்டா முடிஞ்சிரும் என்றாய். வேலை மட்டும்தான் என்பதை யார் எழுதிக் கொடுத்தார்கள். அந்தப் பெண் கண் திறக்காமலே போய்விட்டால், தெரியாமல் அசட்டையாக இருந்த சோதனையாளர் என்று அந்தத் தாளில் இருப்பது நீ ஒருத்திதான். அது வேலையோடு முடிகிற விஷயம் இல்லை. அப்போது அந்தக் கோட்டுக்காரர் தண்ணீர் குடிக்க யார் வீட்டுக்கும் வரமாட்டார்.

அதைவிட என்னை உறுத்துவது இன்னொன்று. அதே வருடத்தில் அதே இடத்திலிருந்து வாங்கிய பிரேக் போட்ட லிஃப்டுகள் இன்னும் பதினொன்று உன் ஊரில் ஓடிக்கொண்டிருப்பதாகச் சொன்னாய். நீ கையெழுத்துப் போட்டால் தவறு ஒரு பெண்ணின் கவனக்குறைவு என்று முடிந்துபோகும், பிரேக்கை யாரும் பார்க்க மாட்டார்கள். நான் இதை எழுதுகிற இந்த நேரத்தில் அந்தப் பதினொன்றிலும் ஆட்கள் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறார்கள். விழக்கூடும் என்று எழுத வந்த கையை நிறுத்திவிட்டு எழுதுகிறேன். விழும்.

ஆகவே என் யோசனை இதுதான், இதை யோசனையாக அல்ல, கெஞ்சலாகவே எடுத்துக்கொள். கையெழுத்துப் போடாதே. இருபத்திரண்டாம் தேதி வியாழக்கிழமை, விபத்தை விசாரிக்கிற அதிகாரி முன் நீயாகவே பேசு. நீ செய்ததை, கண்டதை, கேட்டதை, நடந்த வரிசையில் சொல். நீ அப்போது இப்படிச் செய்திருந்தால் என்று யாராவது கேள்வியை ஆரம்பித்தால், நான் செய்ததைக் கேளுங்கள், சொல்கிறேன் என்று சொல், அந்தக் குழிக்குள் இறங்காதே, அதற்கு அடி கிடையாது. இங்கிலீஷ் தடுமாறினால் தமிழில் சொல், மொழிபெயர்ப்பாளர் கேட்க உனக்கு உரிமை உண்டு, கேட்கக் கூச்சப்படாதே. இங்கிலீஷிலேயே சொல்வதானால் பிழையோடு சொல். இந்த வரியை எழுதுகிறவன் யார் என்று உனக்குத் தெரியும், ஒரு வினைச்சொல்லுக்காக உன்னைச் சாப்பாட்டு மேசையிலிருந்து எழுப்பி மறுபடி எழுதவைத்தவன். அவன் சொல்கிறான், பிழையோடு சொல். உன் ஆறு பிழைகளும் இருந்த அந்தத் தாளைப் படித்துத்தான் ஜெராக்ஸ் கடைக்காரர் பயந்தார். அதுதான் அந்தத் தாளுக்கு வேண்டிய இங்கிலீஷ். அதை நான் கெடுத்தேன்.

இதன்மூலம் நான் உறுதியாகத் தெரிவிப்பதாவது, அறிக்கையில் உள்ள இஃப், மே, பாஸிப்ளி ஆகிய சொற்கள் என்னுடையவை, என் மகளுடையவை அல்ல. கடைசி இரண்டு வரிகளை நீக்கியவன் நான். அவள் எச்சரித்தாள். நான் அதைக் கேட்கும் முன்பே அடித்துவிட்டேன். இதற்காக எந்த அதிகாரி எந்த நாளில் அழைத்தாலும், ஒன்றரை நாள் பயணம் செய்து வந்து, என் வாயால் சொல்லத் தயாராக இருக்கிறேன். ஓய்வு பெற்ற வழக்கறிஞன் ஒருவன் மகளின் அறிக்கையைத் திருத்தினான் என்று நாலு பேர் பேசுவார்கள், பேசட்டும். உன் அம்மா ஏற்கெனவே என் பெட்டியில் இரண்டு சட்டை மடித்து வைத்துவிட்டாள். ஒன்றின் வலது கை மட்டும் கொஞ்சம் நீளமாக இருக்கிறது, அளவுக் காகிதத்தைப் பாதியில் பிடுங்கியதால் அப்படி ஆகிவிட்டது என்கிறாள்.

சாப்பிடு. தூங்கு. மருத்துவமனைக்குப் போகும்போது அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசு, காது கேட்கும் என்று சொல்கிறார்கள், எனக்குத் தெரியாது, பேசுவதில் நஷ்டம் இல்லை. முன்பின் தெரியாத யாராவது உனக்கு வண்டி கொண்டுவந்து விசாரணைக்கு அழைத்துப் போகிறேன் என்றால் ஏறாதே, உன் தோழியோடு போ. நாங்கள் இருவரும் உனக்குக் கொடுக்க வைத்திருப்பது ஆசி ஒன்றுதான், நீ சொன்ன சொல் உன் சொல்லாகவே இருக்கட்டும், உன் கால் வைக்கிற இடம் உறுதியாக இருக்கட்டும்.

நினைவூட்டல் ஒன்று. விசாரணை உங்கள் தலைமை அலுவலகத்தின் ஏழாம் மாடியில் என்று சொன்னாய். அந்தப் பதினொன்றில் இரண்டு அந்தக் கட்டடத்தில்தான் இருக்கின்றன என்று எப்போதோ சொல்லியிருக்கிறாய். அரை மணி நேரம் முன்னதாகப் போய், படியில் ஏறு. மூச்சு வாங்கினால் உட்கார்ந்து ஏறு. மேலே போனதும் அதிகாரி உன் பெயரைக் கேட்பார், சொல். பிறகு, நான் அடித்த அந்த வரியிலிருந்தே ஆரம்பி. அன்றைக்கு நான் படியில் இறங்கி வந்தேன், ஐயா. இன்றைக்கும் படியில்தான் ஏறி வந்தேன். நீங்கள் எதில் வந்தீர்கள்?

பதின்மூன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, பிற்பகல்.

ஒப்பம்,
உன் அப்பா
(ஓய்வு பெற்ற வழக்கறிஞர், மேலே உள்ளவை அனைத்தும் என் கைப்பட எழுதியவை)

சாட்சிகள்:

1. உன் அம்மா, தையல் தொழில். முழுக்கப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டேன். சரியாகத்தான் எழுதியிருக்கிறார். இந்த முறை நான் எதையும் அடிக்க விடவில்லை.

2. ஜெராக்ஸ் கடைக்காரர். இந்தக் கடிதத்தை நகல் எடுத்தேன். படித்தேன்.